அச்சகத்தில் கழிந்த பிள்ளைப்பருவமும் அறுபதில் வரும் மறதியும்: ஈயத்துக்கு இதில் பங்கு உண்டா?

கருங்கல்பாளையம் வாசகி (கேள்வி)

வணக்கம். ஈரோட்டில் எங்கள் அப்பா ஒரு சிறிய அச்சகம் நடத்தினார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கோயில் நோட்டீஸ், மஞ்சள் மண்டிகளுக்குப் பில் புத்தகம் என்று எல்லாவற்றையும் ஈய எழுத்துகளைக் கையால் கோத்து, டிரெடில் மிஷினில் அடித்துக் கொடுத்த காலம் அது. முன்கட்டில் வேலை நடக்கும், பின்கட்டில் குடித்தனம். இரண்டுக்கும் நடுவில் ஒரு தட்டிகூடக் கிடையாது. நானும் அக்காவும் தவழ்ந்தது எழுத்துக் கேஸ்களின் அடியில்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அடித்து முடித்த பக்கங்களை மண்ணெண்ணெயில் கழுவி, எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறையில் போடுவது எங்கள் வேலை. அந்தக் கையோடுதான் கடலையும் முறுக்கும் தின்றோம்.

அக்காவுக்கு இப்போது 66 வயது. வீட்டுக் கணக்கு முழுவதையும் மனத்திலேயே வைத்திருந்தவர், சில காலமாகக் கொடுத்த பணத்தை மறுபடியும் கொடுக்கிறார். அடுத்த தெருவில் இருக்கும் சம்பந்தி வீட்டின் பெயர் அவருக்கு நினைவுக்கு வருவதில்லை. நரம்பியல் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, லேசான அறிவாற்றல் குறைவு என்றும், இது மறதி நோயாக மாறலாம் அல்லது மாறாமலும் நிற்கலாம் என்றும் சொன்னார். எங்கள் அம்மாவும் கடைசிக் காலத்தில் ஆள் அடையாளம் தெரியாமல்தான் இருந்தார். அப்பா மட்டும் 84 வயதுவரை தெளிவாகவே இருந்து போய்ச் சேர்ந்தார்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் உடம்பில் சேர்ந்த ஈயம் இப்போது மூளையைப் பாதிக்க முடியுமா? அக்காவைவிட ஐந்து வயது இளையவளான நான் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா? உடம்பில் உள்ள ஈயத்தை மருந்து கொடுத்து வெளியேற்றலாம் என்று ஒருவர் சொல்கிறார், அதை நம்பலாமா?

ஓய்வுபெற்ற மருத்துவர், கோவை (மறுமொழி)

சகோதரிக்கு வணக்கம். நான் பொதுமருத்துவனாக இருந்து ஓய்வு பெற்றவன். நரம்பியல் நிபுணன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுவயதில் உடலில் சேர்ந்த ஈயத்துக்கும் பிற்கால மூளை நலத்துக்கும் தொடர்பு உண்டு என்பதற்கான சான்றுகள் வலுவாகவே உள்ளன. ஆனால் உங்கள் அக்காவின் மறதிக்கு ஈயம்தான் காரணம் என்றோ, ஈயத்துக்குப் பங்கே இல்லை என்றோ இன்று எந்த மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து சற்று விலகியே இருங்கள்.

இரத்தத்தில் சேரும் ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. குறைந்தது முழுவதும் சிறுநீரோடு போய்விடுவதில்லை. அதில் ஒரு பகுதி, கால்சியத்தைப் போலவே நடந்துகொண்டு, எலும்பில் போய்ப் படிந்து அங்கே பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள்கூடத் தங்கிவிடுகிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் இருக்கும் மொத்த ஈயத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. கருவுற்றிருக்கும்போதும், மாதவிடாய் நின்றபின் எலும்பு தேயும்போதும், எலும்பு முறிந்து நெடுநாள் படுக்கையில் கிடக்கும்போதும் அது மறுபடி இரத்தத்துக்குள் இறங்குகிறது. எனவே ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் மூளை, தன் பிள்ளைப்பருவத்து ஈயத்தை இரண்டாம் முறையாகச் சந்திக்க நேரிடுகிறது.

முதல் சந்திப்புதான் பெரிய கேடு. உண்ணும் பொருளோடு உள்ளே போகும் ஈயத்தில் வளர்ந்தவர்களின் குடல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோ எடுத்துக்கொள்ளும்போது, சிறு குழந்தையின் குடல் கிட்டத்தட்டப் பாதியை எடுத்துக்கொள்கிறது. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அது இன்னும் கூடும். நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று இணைப்புகளை உருவாக்கிக்கொண்டிருக்கும் வயதில், நினைவு பதிவதற்குத் தேவையான ஏற்பிகளை ஈயம் அடைத்துவிடுகிறது. உங்கள் அப்பா நாள் முழுவதும் ஈயத்தோடு இருந்தும் தெளிவாக இருந்தார் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அவர் அந்தத் தொழிலுக்குள் வந்தபோது அவருடைய மூளை வளர்ந்து முடிந்திருந்தது. உங்கள் இருவருக்கும் அப்படி இல்லை. ஒரு குடும்பத்தை மட்டும் வைத்து இதை முடிவு கட்ட முடியாது என்றாலும், அவருடைய தெளிவு உங்கள் சந்தேகத்தைப் பொய்யாக்கிவிடாது.

நம்பத்தக்க ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரை இன்றுவரை விடாமல் பின்தொடர்ந்து வருகிறார்கள். அவர்களில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு 11 வயதில் இரத்த ஈய அளவு பார்த்து வைத்திருந்தார்கள். சராசரி டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 11 மைக்ரோகிராம். அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்ததால் ஏழை பணக்காரர் வேறுபாடில்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. வறுமையின் விளைவா, ஈயத்தின் விளைவா என்ற வழக்கமான குழப்பம் அந்த ஊரில் பெரிதும் நீங்கியதற்கு அதுவே காரணம். 45 வயதில் அவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 11 வயதில் இருந்த ஈயம் ஒவ்வொரு 5 மைக்ரோகிராம் கூடும்போதும், நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸ் பகுதி சற்றுச் சிறிதாகவும், மூளையின் தோற்ற வயது 0.77 ஆண்டு முதிர்ந்ததாகவும், நுண்ணறிவு எண் 2.07 புள்ளி குறைவாகவும் இருந்தன. இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு குறிப்பு. ஈயம் அதிகம் இருந்தவர்களின் அன்றாட மறதியையும் தடுமாற்றத்தையும் அவர்களை நன்கறிந்த பிறர் கவனித்துச் சொன்னார்கள். அவர்களோ தங்களிடம் அப்படி எதையும் உணரவில்லை.

ஆனால் 0.77 ஆண்டு என்பது ஒரு கூட்டத்தின் சராசரி. 45 வயது முதுமையும் அன்று. மறதி நோய் வரும் வயதை அவர்கள் இன்னும் எட்டவே இல்லை.

இனி மருந்து. ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் கொடுக்கிணைப்பு மருந்துகள் உண்மையில் உண்டு. கடும் நச்சுநிலையில் அவை உயிர் காக்கும். ஆனால் மிதமான அளவு ஈயம் இருந்த 780 குழந்தைகளுக்கு அமெரிக்காவில் சக்சிமர் என்ற அத்தகைய மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், இரத்தத்தில் ஈயம் குறைந்ததே தவிர அறிவுத்திறனில் எந்த மேம்பாடும் காணப்படவில்லை. 2001இல் வெளியான முடிவு இது. சிறு குழந்தைக்கே திருப்ப முடியாததை 66 வயதில் திருப்பித் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்த மருந்துகளைத் தவறாகப் பயன்படுத்தினால் சிறுநீரகமும் கால்சிய அளவும் கெடும்.

உங்களுக்கான பரிசோதனையைப் பொறுத்தவரை, இன்று எடுக்கும் இரத்தம் அண்மைக் காலத்தில் உடலில் சேர்ந்ததையும் எலும்பிலிருந்து இறங்குவதையும் கலந்தே காட்டும். பிள்ளைப்பருவத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பதை அதிலிருந்து கணக்கிட இயலாது. எலும்பில் உள்ள ஈயத்தை ஊடுகதிர் ஒளிர்வு முறையில் அளக்கும் கருவிகள் ஆராய்ச்சிக்கூடங்களில்தான் உள்ளன. அந்தப் பணத்தை அக்காவின் பி12, தைராய்டு, இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், செவித்திறன் ஆகியவற்றைப் பார்க்கச் செலவிடுங்கள். மனச்சோர்வும் தூக்க மாத்திரைகளும்கூட மறதியைப் போலத் தோன்றும் நிலையை உண்டாக்கும். மாற்றிக்கொள்ளத்தக்க 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதி நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று 2024இல் வந்த லான்செட் ஆணைய அறிக்கை கூறுகிறது. அந்தப் பதினான்கில் காற்று மாசு இருக்கிறது, காது கேளாமை இருக்கிறது, ஈயம் இல்லை. கேடு இல்லாததால் விடுபட்டது என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

வேதியியல் ஆசிரியர், கோபி (மறுமொழி)

மருத்துவர் ஐயா சொன்னதோடு இரண்டு ஆய்வுகளைச் சேர்க்க விரும்புகிறேன். அவை ஒன்றுக்கொன்று சற்று வேறுபட்ட திசைகளைக் காட்டுகின்றன.

முதலாவது, குரங்குகள் மீது நடந்தது. 1980ஐ ஒட்டிப் பிறந்த சில குரங்குக் குட்டிகளுக்குப் பிறந்தது முதல் ஏறக்குறைய 400 நாள் ஈயம் கொடுத்து, பிறகு நிறுத்திவிட்டார்கள். 23 ஆண்டுகளுக்குப் பின் அவற்றின் மூளைத் திசுவை ஆராய்ந்தபோது, ஆல்சைமர் நோயோடு தொடர்புடைய அமிலாய்டு புரதத்தை உண்டாக்கும் மரபணுக்கள் கூடுதலாக இயங்குவதும் அந்தப் புரதம் சேர்ந்திருப்பதும் தெரியவந்தன. கொடுத்த ஈயம் இரத்தத்தை விட்டு எப்போதோ போய்விட்டது. அது மரபணுக்களின் இயக்கத்தில் விட்டுச் சென்ற மாற்றம் முதுமையில்தான் தலைகாட்டியது. முடிவுகள் 2008இல் வெளியாயின. குரங்குகளின் எண்ணிக்கை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் அளவே என்பதால், இதை வழிகாட்டும் குறிப்பாகக் கொள்ளலாமே தவிர இறுதிச் சான்றாகக் கொள்ளலாகாது.

இரண்டாவது மனிதர்களைப் பற்றியது. உங்கள் கேள்விக்கு மிக நெருங்கி வருவது. 1940ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குழந்தைகளாகப் பதிவான அமெரிக்கர்கள் அன்று எந்த நகரில் இருந்தார்கள், அந்த நகரின் குடிநீர்க் குழாய்கள் ஈயத்தால் ஆனவையா, நீர் ஈயத்தைக் கரைக்கும் தன்மை கொண்டதா என்று பார்த்து, அவர்களின் முதுமைக்கால அறிவாற்றல் சோதனைகளோடு ஒப்பிட்டார்கள். 2022இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஈயம் கரைந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் மதிப்பெண் முதுமையின் தொடக்கத்திலேயே தாழ்ந்திருந்தது. ஆனால் அதன்பின் ஆண்டுதோறும் இறங்கும் வேகத்தில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை.

இந்த வேறுபாட்டை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். குரங்கு ஆய்வு சொல்வதுபோல், புதைந்திருந்த ஒன்று முதுமையில் எழுந்து நோயை முடுக்குமானால், நாம் செய்யக்கூடியது குறைவு. குடிநீர் ஆய்வு சொல்வதுபோல், ஈயம் நம்மைச் சற்றுத் தாழ்ந்த படியிலிருந்து புறப்பட வைக்கிறதே தவிர இறக்கத்தைச் செங்குத்தாக்கவில்லை என்றால், இரத்த அழுத்தம், சர்க்கரை, காது, பேச்சுத் துணை என்று இறக்கத்தின் வேகத்தைத் தீர்மானிப்பவை எல்லாம் இன்னமும் நம் கையில்தான் இருக்கின்றன. மனிதர்களிடம் கிடைத்திருக்கும் சான்று இரண்டாவதன் பக்கமே சாய்கிறது என்பது என் மதிப்பீடு.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. எழுத்தை இடவலம் மாற்றிப் படிக்கக் கற்றுக்கொண்டு, பிள்ளைப்பருவம் முழுவதும் சொற்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவர்கள் நீங்கள். கல்வியும் வாசிப்பும் மூளைக்கு ஒரு சேமிப்புத் திறனைத் தருகின்றன என்பது நன்கு நிறுவப்பட்ட கருத்து. அதே கூடத்தில் உங்களுக்குக் கெடுதியும் கிடைத்திருக்கிறது, காப்பும் கிடைத்திருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது.

நொய்யல் கரை (மறுமொழி)

இந்தப் பேச்சில் அச்சகத்தை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. 1992இல் கட்டி முடித்த அணை, பாசன நீருக்குப் பதிலாகத் திருப்பூரின் சாயக் கழிவைத் தேக்கி வைத்தது. கிணறுகள் கெட்டன, தென்னை காய்ந்தது, கால்நடைகள் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும்வரை அதற்கு ஒரு முடிவில்லை. அந்தக் கிணற்று நீரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது முப்பது, முப்பத்தைந்து வயது. இவர்கள் அறுபதை எட்டும்போது மூளை எப்படி இருக்கும் என்று யாராவது சொல்வார்களா? பருத்திக் காட்டில் மருந்தடித்த அப்பாருக்கு நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) வந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

வேதியியல் ஆசிரியர், கோபி (மறுமொழி)

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆயினும் எல்லா மாசையும் ஒரே நஞ்சாகப் பார்த்தால் எதற்கும் விடை கிடைக்காது. சாயக் கழிவின் தலையாய கேடு உப்பு; கரைந்த உப்புகள் மண்ணையும் கிணற்றையும் கெடுத்து வேளாண்மையை அழித்தன. அது பேரழிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஈயத்தைப் போல நரம்பு மண்டலத்தைக் குறிவைத்துத் தாக்கும் பொருளாக அந்த உப்பைச் சொல்ல முடியாது. சாயங்களிலும் துணை வேதிப்பொருள்களிலும் உலோகங்கள் இருந்திருக்கலாம் என்றால், அந்தந்தக் கிணற்று நீரில் அந்தந்த உலோகத்தை அளந்துதான் பேச வேண்டும்.

காட்டில் அடிக்கும் மருந்து வேறு கதை. பாராகுவாட் என்ற களைக்கொல்லி, ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லி ஆகியவற்றைக் கையாண்ட உழவர்களிடம் நடுக்குவாதம் கூடுதலாகக் காணப்படுவதை வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் அப்பாரு எந்த மருந்தை அடித்தார் என்பது தெரிந்தால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். சிகிச்சை அதனால் மாறாது; குறிப்பேட்டில் இருக்க வேண்டிய செய்தி அது.

கணபதி லேத் பட்டறை (மறுமொழி)

நடுக்குவாதம் என்றதும் எழுதுகிறேன். மோட்டார், பம்ப் உதிரிகளில் கிரீஸை நீக்க டிரைகுளோரோஎதிலீன் என்ற கரைப்பானைப் பல பட்டறைகளில் திறந்த தொட்டியிலேயே வைத்துப் புழங்கினோம். படிக்கும் வயதில் விடுமுறைக்கு வந்து உதிரி கழுவிய பையன்களும் இருந்தார்கள். அமெரிக்காவின் கேம்ப் லெஜூன் என்ற மரைன் படைத் தளத்தில் குடிநீரில் இந்தக் கரைப்பான் கலந்திருந்தது. 1975 முதல் 1985 வரை அங்கே பணியாற்றியவர்களை, நீர் கெடாத மற்றொரு தளத்தில் இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது, நடுக்குவாதம் வரும் வாய்ப்பு 70 விழுக்காடு கூடியிருந்ததாக 2023இல் முடிவு வந்தது. அங்கு இருந்தபோது அவர்களில் பெரும்பாலோர் இருபதை ஒட்டிய இளைஞர்கள். நோய் வந்ததோ பல பத்தாண்டுகள் கழித்து. இன்னும் அந்தக் கரைப்பானைப் புழங்கும் பட்டறைக்காரர்கள் மூடிய தொட்டிக்கோ நீர் சார்ந்த கழுவுபொருளுக்கோ மாறிக்கொள்ள வேண்டும். பையன்களை அதன் பக்கம் விடவே கூடாது.

மஞ்சள் மண்டி, ஈரோடு (மறுமொழி)

ஈயம் பழைய காலத்துச் சமாசாரம் என்ற எண்ணம் வேண்டாம். பெட்ரோலில் ஈயம் 2000ஆம் ஆண்டோடு நாடு முழுவதும் நின்றது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அப்படியிருந்தும் இந்தியாவில் 27 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருப்பதாக யூனிசெஃப் 2020இல் மதிப்பிட்டது. பழைய பேட்டரிகளை ஊருக்குள் உருக்குவது, மட்டமான அலுமினியப் பாத்திரம், கண்மை, சில நாட்டுமருந்துகள் என்று காரணங்கள் பல.

எங்கள் தொழிலைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மங்கிப்போன மஞ்சளுக்கு நிறம் ஏற்ற ஈயக் குரோமேட் என்ற சாயத்தைப் பூசும் வழக்கம் வங்கதேசத்தில் பரவியிருந்தது. 2019இல் அங்கே அரசும் ஆய்வாளர்களும் சேர்ந்து சந்தைகளில் சோதனை நடத்தி, அபராதம் விதித்து, விளம்பரமும் செய்தார்கள். சாயம் கண்டறியப்பட்ட மாதிரிகள் 47 விழுக்காடாக இருந்தது, 2021க்குள் ஒன்றுமில்லாமல் போனது. இவ்வளவு விரைவாகத் தீர்ந்த உணவுக் கலப்படத்தை நான் வேறு கேட்டதில்லை. நம் பகுதியில் விரலி மஞ்சளை டிரம்மில் போட்டுச் சுற்றி உராய்வால்தான் பாலீஷ் செய்கிறோம். அதற்குச் சாயமே தேவையில்லை. வாங்குகிறவர்கள் அளவுக்கு மீறிப் பளபளக்கும் பொடியைத் தவிர்த்து, விரலியாக வாங்கிக் கழுவி உலர்த்தி அரைத்துக்கொள்வது நல்லது. கண்ணால் பார்த்து ஈயத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், மொத்தமாக வாங்குகிற உணவகக்காரர்கள் ஆய்வகச் சான்று கேட்டு வாங்க வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற பொருளை விற்கும் நாங்கள் அதைக் கொடுக்கத் தயங்கவும் கூடாது.

கருங்கல்பாளையம் வாசகி (மறுமொழி)

அனைவருக்கும் நன்றி. அக்காவுக்கு மருத்துவர் ஐயா சொன்ன பரிசோதனைகளை அடுத்த வாரம் எடுக்கிறோம். அவர் டிவியின் ஒலியை மிகவும் கூட்டி வைப்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. ஈயத்தை வெளியேற்றும் மருந்து வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

மஞ்சள் மண்டிக்காரர் எழுதியதைப் படித்தபின் ஒரு கலக்கம். அச்சகத்தை மூடியபோது எழுத்துகளையும் கேஸ்களையும் விற்க மனம் வராமல் அட்டாலியில் ஏற்றி வைத்தோம். அண்மையில் என் மகன், தாத்தாவின் நினைவாகக் கூடத்துச் சுவரில் மாட்டப்போவதாகச் சொல்லி அவற்றை இறக்கினான். மூன்று வயதுப் பேரன் அந்த எழுத்துகளைத் தரையில் அடுக்கி விளையாடுகிறான். பழைய முன்கட்டின் தரையும் அதே செங்கல் தரைதான். இது ஆபத்தா?

ஓய்வுபெற்ற மருத்துவர், கோவை (மறுமொழி)

ஆபத்துதான், சகோதரி. இந்த இழையில் நாம் பேசிய எல்லாவற்றிலும் இன்றே செய்யவேண்டிய வேலை இது ஒன்றுதான். உங்களுக்கும் அக்காவுக்கும் நடந்ததை மாற்ற இயலாது. அந்தப் பிள்ளைக்கு நடப்பதை நிறுத்த இயலும்.

எழுத்துகளை இப்போதே அவன் கைக்கு எட்டாத இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டி, இரத்த ஈய அளவைப் பாருங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால், விரலில் ஒட்டியிருக்கும் துகளே பொய்யான உயர்வைக் காட்டும். ஆகவே கையின் இரத்தக் குழாயிலிருந்து (சிரையிலிருந்து) எடுக்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈயம் வரும் வழியைக் கண்டறிந்து அடைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அமெரிக்கா 2021 முதல் 3.5ஐயே எச்சரிக்கை அளவாக வைத்திருக்கிறது. வெளியேற்றும் மருந்தைப் பற்றி யோசிப்பது வழக்கமாக 45ஐத் தொட்ட பிறகுதான். அதற்குக் கீழே இருந்தால் வழியை அடைப்பதே மருத்துவம். கூடவே இரும்புச்சத்தையும் சோதித்துவிடுங்கள். குறைவு இருந்து அதைச் சரிசெய்தால் குடல் எடுத்துக்கொள்ளும் ஈயமும் குறையும். ராகிக் களி, கீரை, பால், முட்டை என்று வயிறு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் ஈயம் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது.

உங்கள் மருமகளோ மகளோ கருவுற்றிருந்தால் அந்தத் துப்புரவு வேலையை அவர்கள் செய்ய வேண்டாம். ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவுக்குப் போகும்.

முன்னாள் கம்பாசிட்டர், கரூர் (மறுமொழி)

அம்மாவுக்கு வணக்கம். ஆஃப்செட் வந்து எங்கள் தொழில் முடியும்வரை அச்சுக் கோத்தவன் நான். கேஸைத் துப்புரவு செய்யும் விதத்தை மட்டும் சொல்கிறேன்.

எழுத்தைவிட, கேஸின் சிறு அறைகளுக்குள் ஆண்டுக்கணக்கில் படிந்திருக்கும் சாம்பல் நிறத் தூசிதான் மோசமானது. எங்கள் காலத்தில் அதைத் துருத்தி வைத்து ஊதுவோம். அதை நீங்கள் செய்யவே கூடாது. உலர்ந்த துடைப்பத்தால் கூட்டுவதும், வீட்டு வாக்குவம் கிளீனர் போடுவதும் அதே தவறுதான். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒவ்வோர் அறையாகத் துடைத்து, அந்தத் துணியைத் துவைக்காமல் பையில் கட்டி வைத்துவிடுங்கள். தரையையும் ஈரத் துணியால் பலமுறை துடையுங்கள். துடைத்த தண்ணீரைச் செடிக்கோ வாசலுக்கோ ஊற்றாதீர்கள். செங்கல் இடுக்கில் புகுந்த தூசி துடைத்துப் போகாது. அதன்மேல் சிமெண்டு பூசியோ டைல்ஸ் ஒட்டியோ மூடிவிடுவதே வழி.

எழுத்துகளை மூடியிறுகிய தகர டப்பாக்களில் போட்டு, 'ஈயம்' என்று எழுதி ஒட்டி வையுங்கள். எடைக்குப் போடுவதானால், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்று ஈயம் உருக்கும் நிறுவனத்துக்கே போக வேண்டும். தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தால் அது யாருடைய வீட்டு அடுப்பிலோதான் உருகும். நினைவுக்கு வைக்க ஆசையிருந்தால், துடைத்த வெற்றுக் கேஸுக்கு வார்னிஷ் அடித்து மேலே கண்ணாடி போட்டு மாட்டலாம். அப்பாவின் பெயருக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் அந்தக் கண்ணாடிக்குள் வைத்து, திறக்க முடியாதபடி சுற்றிலும் பசை போட்டு அடைத்துவிடச் சொல்லுங்கள்.